காதறுந்த வீரமலைக்கு ஓர் இலை

சுந்தரம்மா எதையும் நேராகக் கேட்கத் தெரியாதவள். குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்க வேண்டுமானால், "என்ன இன்னைக்குப் பேசாமச் சாப்பிடுற?" என்பாள். எழுபது தாண்டிய தன் அக்காவின் இந்தக் குணம் லெட்சுமணனுக்கு அத்துப்படி. அன்றைக்கு அவன் மாத்தளைச் சந்தையில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, பலாபத்வல வீட்டுக்குப் பின்னால் பைப்படியில் முதுகைக் கழுவிக்கொண்டு நின்றான். அவள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்:

"உனக்குத்தான் இப்ப எழுத்துத் தெரியுமே தம்பி. அந்தக் காதறுந்தவன் கடைசியில என்ன ஆனான்னு தேடிப் பாரேன்."

அவள் கேட்டது எது, கேட்காமல் விட்டது எது என்று அவனுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

காதறுந்தவன் என்றால் வீரமலை. காப்பிக் காலத்தில் தொட்டியத்துப் பக்கமிருந்து தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டுவழி நடந்து மாத்தளைக்கு வந்த அண்ணன் தம்பி இரண்டு பேரில் இளையவன். மூத்தவன் மூக்கன், லெட்சுமணனுடைய அப்பாவின் தாத்தாவுக்கு அப்பா. சின்ன வயதில் மாடு முட்டி வீரமலைக்கு வலது காது பாதி கிழிந்திருந்ததாம். தோட்டத்துக்கு வந்து கொஞ்ச காலத்தில் கங்காணியோடு ஏதோ வாய்ச்சண்டை. ஒருநாள் விடிந்து பார்த்தால் ஆளில்லை. ஒரு கம்பளியையும் ஒரு செம்பையும் எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான். மூக்கன் அவனைத் தேடவில்லை. ஓடிப்போனவனின் அண்ணன் என்று தன்னைப் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம். சாகக் கிடக்கும்போது மட்டும் தம்பி பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டானாம். இந்தக் கதை தலைமுறை தலைமுறையாக வீட்டில் சும்மா கிடந்தது. அதனால் யாருக்கும் உதவியும் இல்லை, இடைஞ்சலும் இல்லை.

இடைஞ்சல் வந்தது சுந்தரம்மாவின் கல்யாணப் பேச்சில்தான்.

பக்கத்துக் கொக்கோ தோட்டத்தில் நடராஜா என்று ஒருவர் இருந்தார். லொறியில் கிளீனராக ஓடிக்கொண்டிருந்தவர். நெடுநெடுவென்று உயரம், சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். மாத்தளை முத்துமாரியம்மன் தேரில் வடம் பிடிக்க முதல் ஆளாக நிற்பார். ஒரு மாசித் திருவிழாவில் சுந்தரம்மாவின் கைக்கு நாலு கண்ணாடி வளையல் எப்படியோ வந்து சேர்ந்தது. வளையல்காரி சும்மா கொடுத்தாள் என்றாள் சுந்தரம்மா. எந்த வளையல்காரி சும்மா கொடுப்பாள்? வீட்டில் எல்லாருக்கும் விளங்கியது. யாருக்கும் கோபமில்லை. நல்ல பையன், குடிக்கிறதில்லை, கேட்டு வந்தால் கொடுக்கலாம் என்றுதான் அப்பாவே இருந்தார்.

கேட்டும் வந்தார்கள். வெற்றிலை மாற்றப்போகிற நேரத்தில், வந்த பெரியவர் ஒருவர் பெருமையாகத் தங்கள் வம்சத்தைச் சொல்லத் தொடங்கினார். எங்க ஊரும் தொட்டியந்தான், எங்க பாட்டனோட அப்பன் பேரு வீரமலை, இந்த மாத்தளை மண்ணுல முதல்ல காலு வச்சவரு அவருதான் என்றார். அப்பாவின் கை வெற்றிலைத் தட்டிலிருந்து பின்னால் வந்துவிட்டது.

ஊர் ஒன்று. பேர் ஒன்று. இரண்டு வீட்டுக்கும் சாமி மதுரைவீரன். ஓடிப்போன தம்பியின் வாரிசுகள் இவர்கள் என்றால், இவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டில் பெண் கொடுத்தால், கூடப்பிறந்தவனே தங்கச்சிக்குத் தாலி கட்டின மாதிரி. உங்க வீரமலைக்குக் காது அறுந்திருந்துச்சா என்று அப்பா கேட்டார். அப்படி நாங்க கேள்விப்பட்டதில்லையே என்றார்கள் அவர்கள். கேள்விப்படலைன்னா இல்லைன்னு ஆயிருமா என்றார் அப்பா. காதைப் பார்த்தவன் ஒருத்தனும் உயிரோடு இல்லை. தோட்டத்தில் பாதிப் பேருக்கு மதுரைவீரன்தான் சாமி, வீரமலை என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்றெல்லாம் நடராஜாவின் தாய்மாமன் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அப்பா அசையவில்லை. சந்தேகம் என்று வந்துவிட்டால் அது முறையில்லை என்று எழுந்துவிட்டார். லெட்சுமணன் அப்போது பொடியன். வந்தவர்கள் சாப்பிடாமல் போனதும், சமைத்த பாயசம் அப்படியே மிஞ்சியதும் மட்டுந்தான் அவனுக்கு ஞாபகம். அவ்வளவு பாயசத்தை அதற்கு முன்னால் அவன் கண்டதில்லை, சந்தோசமாகக் குடித்தான்.

அதற்குப் பிறகு வந்த சம்பந்தங்களுக்குச் சுந்தரம்மா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் சலித்துப்போய் வேறு வீடு பார்த்தார்கள். தோட்டத்து ஆட்களை அரசாங்கம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலம், நடராஜா குடும்பத்துக்கும் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. தலைமன்னார் ரயிலேறிப் போனார்கள். அங்கே அவர் கல்யாணம் கட்டிக்கொண்டதாகச் சிலர் சொன்னார்கள், கட்டவில்லை என்றும் சிலர் சொன்னார்கள். லெட்சுமணன் வளர்ந்து தாய்மாமன் மகள் அழகாயியைக் கட்டினான். முறைப்பெண் என்பதால் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அக்கா அவர்களோடேயே இருந்துகொண்டாள். அவன் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள். அவள் வாழ்க்கை அப்படியே ஓடிப்போய்விட்டது.

போன தை மாதம் திருச்சிப் பக்கத்திலிருந்து சந்தையில் ஒருவருக்கு போன் வந்தது. அதில் பேச்சுவாக்கில் நடராஜா செத்துப்போன செய்தியும் வந்தது. லெட்சுமணன் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். சுந்தரம்மா "அப்பிடியா" என்றாள். எழுந்துபோய்ச் சட்டியைக் கழுவினாள். அந்த வாரத்திலிருந்து நெற்றியில் பொட்டு வைப்பதை விட்டுவிட்டாள். ஏனக்கா என்றதற்கு, வயசாயிருச்சு, தோல் அரிக்குது என்றாள். அவனும் நம்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காதறுந்தவனைத் தேடிப் பார் என்ற பேச்சு.

எழுத்து என்று அவள் சொன்னது பெரிய எழுத்தொன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கிளினிக் கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து ஒரு நர்சம்மா சிரித்தாள். அந்த வெட்கத்தில், தலை நரைத்த பிறகு கோயில் மண்டபத்து வகுப்புக்குப் போய்ப் படித்தது. பாரம் தூக்கிக் காய்த்த விரலுக்குப் பென்சில் அடங்கவில்லை. இருந்தாலும் பஸ் போர்டு படித்தான், மரண அறிவித்தல் படித்தான், பேப்பர் சுற்றி வந்த வடையைத் தின்றுவிட்டுப் பேப்பரையும் படித்தான். அக்காவுக்கு அது பெருமை. என் தம்பி படிப்பான் என்று கடைத்தெருவில் நின்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

அவன் தேடத்தான் செய்தான். பதிவு அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த பெண்பிள்ளை பொறுமையாகக் கேட்டு, வருசமும் இடமும் தகப்பன் பேரும் இருந்தால் தேடலாம் ஐயா என்றாள். தகப்பன் பேர் இருந்தது. மற்றது இரண்டும் இல்லை. இரங்கி, சில பழைய புத்தகங்களைப் புரட்டியும் பார்த்தாள். வீரமலைகள் கிடைத்தார்கள், அவனுடைய வீரமலை கிடைக்கவில்லை. பழைய தோட்டத்து ஆபீசுக்குப் போனால், தோட்டமே துண்டு துண்டாகி, ஆபீஸ் இருந்த இடத்தில் யாரோ மிளகுக்கொடி போட்டிருந்தார்கள். கோயிலில் விசாரித்தபோது ஒரு பெரியவர், காப்பிக் காலத்து ஆளையா தேடுற, கொக்கோ காலத்து ஆளுங்களையே காணோமேப்பா என்று சிரித்தார். அழகாயி வீட்டில் தன் பங்குக்கு விடவில்லை. உயிரோட இருக்கிற சொந்தக்காரன் வீட்டு விசேசத்துக்குப் போக இவருக்கு முடியாது, இடுப்பு வலிக்குது. செத்தவனைத் தேடி பஸ் ஏறணும்னா மட்டும் இடுப்பு வலிக்காது என்றாள்.

கடைசியில் அந்த ஆள் கிடைத்தது அவன் தினமும் மூட்டை இறக்குகிற இடத்தில்.

மஹ்ரூப் நானா சந்தைக்குப் பக்கத்தில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிறவர். லெட்சுமணனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அதனால்தான் அண்ணன் என்கிற அர்த்தத்தில் நானா. ஒரு மழை நாளில் மூட்டை நனையாமல் உள்ளே அடுக்கிவிட்டு, அவர் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது, ஏன் ஒரு மாதிரியா இருக்கிறீங்க என்று கேட்டார். கதையைச் சொன்னான். காது கிழிந்ததைச் சொன்னதும் அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கட மூத்தாப்பாட வாப்பா, பாட்டனுக்கு வாப்பா, வண்டிக்காரர். ரயில் வர முந்தி, இங்கேருந்து கண்டிக்குக் காப்பி ஏத்திப் போய், உப்பு ஏத்தி வந்த மனுசன். அவர்ட கிதாபுல ஒரு காதறுந்தவன் ஈக்கிறான். சின்ன வயசுல எங்கட வாப்பா அத வாசிச்சுக் காட்டி, இது நம்மட தலையில ஈக்கிற கடன்னு சொல்லுவார்."

கடைக்கு மேலே வீடு. மாடியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய கனமான கிதாபு ஒன்றைக் கொண்டுவந்தார். ஓதுகிற புத்தகம்; பின்னால் விட்டிருந்த வெற்றுத்தாள்களில் அந்தக் குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, நிக்காஹ் எல்லாம் எழுதியிருந்தது. லெட்சுமணன் ஆசையாக எட்டிப் பார்த்தான். ஒரு எழுத்தும் அவனுக்குப் பிடிபடவில்லை. வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்து.

எழுத்து அரபு, பேச்சு நம்மட தமிழ்தான், அந்தக் காலத்துல நாங்க அப்பிடித்தான் எழுதினது என்று சொல்லிவிட்டு, மஹ்ரூப் நானா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஹிஜ்ரி ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று, ஸபர் மாதம். நம்மிடத்தில் காளை பார்க்கும் வீரமலை, தொட்டியத்தான், வலது காது கிழிந்தவன், காய்ச்சலில் இறந்தான். இருபது வயது இருக்கும். மணம் முடிக்காதவன். அண்ணன் பெயர் மூக்கன், தோட்டத்தில் இருக்கிறான் என்றான். எந்தத் தோட்டம் என்று சொல்லுமுன் பேச்சு நின்றுவிட்டது. அவன் ஆட்களில் இரண்டு பேரை அழைத்து, அவன் முறைப்படி ஆற்றோரம் அடக்கினோம். ஒரு கம்பளியும் ஒரு செம்பும் நம்மிடம் அமானிதமாக இருக்கிறது. கேட்டு வந்தால் கொடுக்க வேண்டும்."

அதற்குக் கீழே வேறு மையில் இரண்டே சொல். யாரும் வரவில்லை.

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி விட்டுப்போன பொருள், உரியவரிடம் சேரும்வரை காக்க வேண்டியது என்று நானா விளக்கினார். கம்பளியைப் பூச்சி அரித்திருக்கும், செம்பு எந்தக் கையில் போனதோ, எங்கட பக்கம் பிழை ஆகிப்போச்சு, மன்னிச்சுக்கங்க என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய ஒரு செம்புக்கு மன்னிப்புக் கேட்கிற மனுசனின் கையை லெட்சுமணனும் பிடித்துக்கொண்டான். அவன் மனம் வேறொரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றது. மணம் முடிக்காதவன்.

மணம் முடிக்காமல் இருபது வயதில் செத்தவனுக்கு வாரிசு ஏது? நடராஜா வீட்டு வீரமலை வேறொரு வீரமலை. பங்காளியும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்கு அந்த வெற்றிலைத் தட்டு மாறியிருக்கலாம். அந்தப் பாயசத்தை எல்லாரும் உட்கார்ந்து குடித்திருக்கலாம்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். மழைக்கு ஷட்டரை இறக்கி விட்டிருந்தார்கள். உள்ளே வேர்வையும் ஈரத்துணியும் நாறிற்று. இதை எப்படி அக்காவிடம் சொல்வது? உன் வாழ்க்கை ஒன்றுமில்லாததற்குப் போய்விட்டது என்று சொல்லவா எழுத்துப் படித்தேன்? அவள் கணக்கில் ஒரு நியாயமாவது மிஞ்சட்டும். முறையில்லாத கல்யாணத்தை அப்பா நிறுத்தினார், நான் தப்பித்தேன் என்று அவள் நிம்மதியாக மிச்ச நாளை ஓட்டட்டும். உண்மை தெரிந்து யாருக்கு என்ன லாபம்? அவரும் போய்விட்டார். பலாபத்வலயில் இறங்கும்போது அவன் முடிவு செய்துவிட்டான். தான் செய்யப்போவது நல்ல காரியம் என்றே நினைத்தான்.

சுந்தரம்மா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"கிடைச்சிருச்சு அக்கா" என்றான். "அவரு இந்தப் பக்கந்தான் இருந்திருக்காரு. கல்யாணம் கட்டி, பிள்ளைகுட்டியோட அந்தக் கொக்கோ தோட்டத்துக்குப் போயிருக்காரு. நடராஜா அண்ணன் வீட்டு வீரமலை அவருதான். பங்காளிங்கதான். அப்பா சொன்னது சரி."

"நீயே படிச்சியா?"

"நானே படிச்சேன்."

அப்ப சரி என்றாள். மறுபடி உரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, மழை விட்டுத் தூறல் இருக்கும்போதே, பைப்படியில் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். இந்த ஈரத்தில் என்ன முழுக்கு என்று அழகாயி சத்தம் போட்டாள். மறுநாள் காலையில் லெட்சுமணன் வேலைக்குப் புறப்படும்போது அக்காவின் நெற்றியில் பொட்டு இருந்தது. பழையபடி வட்டமாக, சிவப்பாக.

அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. பார், பாரம் இறங்கியதும் முகம் எப்படித் தெளிந்துவிட்டது என்று நினைத்தான். அன்று மாலை கோயில் வாசலில் ஒரு குங்குமச் சிமிழ் வாங்கிக்கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் அந்தச் சந்தோசத்திலேயே போனது. ஞாயிற்றுக்கிழமை அவன் விறகு பிளந்துகொண்டிருந்தபோது அழகாயி பக்கத்தில் வந்து நின்றாள். குரலில் வழக்கமான குத்தல் இல்லை.

"நீங்க அவங்ககிட்ட என்னதான் சொன்னீங்க? அவங்க சோறு திங்கிறதே இல்லை, தெரியுமா?"

பொட்டு வச்சிருக்காளே, நல்லாத்தானே இருக்கா என்றான். அழகாயி அவனைப் பார்த்த பார்வை, சந்தையில் எடை தெரியாதவனைப் பார்க்கிற பார்வை.

"அந்த மனுசன் செத்த சேதி வந்த வாரம் பொட்டை அழிச்சாங்களே, அது எதுக்குன்னு நெனச்சீங்க? தோல் அரிக்குதுன்னு சொன்னா நம்பிருவீங்களா? இப்ப நீங்க பங்காளின்னு சொல்லிட்டீங்க. கூடப்பிறந்த முறைக்காரனுக்கு எந்தப் பொம்பளையாவது பொட்டழிப்பாளா? அதான் திரும்ப வச்சுக்கிட்டாங்க. நேத்து சுதுகங்கைக்குப் போயிட்டு வந்தாங்க. அந்த நாலு வளையலையும் ஆத்துல விட்டுட்டாங்க."

கோடாரி கட்டையிலேயே நின்றது.

அந்த வளையல்கள் அக்காவின் டிரங்குப் பெட்டியில் பழைய சேலைக்குள் இருந்ததை அவன் பார்த்திருக்கிறான். கைக்கு எப்போதோ சிறிதாகிப்போனவை. பிள்ளைகள் தொட்டால்கூடப் பெட்டியை மூடிவிடுவாள்.

உள்ளே போனான். சுந்தரம்மா கட்டில் ஓரமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் கேட்கவில்லை, அவளே, வாழ்நாளில் முதல் தடவையாக, நேராகப் பேசினாள்.

"அப்பாவை மனசுக்குள்ள இத்தனை வருசமாத் திட்டிக்கிட்டு இருந்தேன் தம்பி. அவரு சொன்னதுதான் சரியாம். அண்ணன் முறைக்காரனை நெனச்சுக்கிட்டு ஒரு ஆயுசைக் கழிச்சிருக்கேன். சாமி கும்பிடும்போதுகூட அந்த மூஞ்சிதான் வரும். அது எவ்வளவு பாவம். யாருகிட்ட போய்ச் சொல்லி அழுவேன்?"

லெட்சுமணன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். நான் பொய் சொன்னேன் அக்கா என்றான். எல்லாவற்றையும் சொன்னான். மஹ்ரூப் நானா, வண்டிக்காரர், காய்ச்சல், ஆற்றங்கரை, மணம் முடிக்காதவன் என்ற சொல். நீ நொந்துபோவாய் என்று பயந்து மாற்றிச் சொன்னேன். உன் மனசில் இருந்தது பாவமே இல்லை, அவர் நமக்கு ஒரு முறையும் இல்லாத அன்னிய வீட்டு ஆள், உனக்கு மாப்பிள்ளையாக வந்திருக்க வேண்டிய ஆள் என்றான்.

அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். சின்ன வயதில் அவன் விழுந்து எழுந்து வந்தால் தடவிக்கொடுப்பாளே, அதே மாதிரி.

"நான் சாப்பிடலைன்னு அழகாயி சொன்னாளா? அதுக்காக இப்பிடியெல்லாம் சொல்லாத. சாப்பிடுறேன்" என்றாள்.

அவன் விடவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல், அக்காவைக் கூட்டிக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறினான். மஹ்ரூப் நானா மாடிக்கே கூட்டிப்போய் உட்காரவைத்தார். பெண்கள் வந்து தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் வைத்தார்கள். கிதாபை விரித்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். சுந்தரம்மா முக்காடு போட்ட மாதிரி சேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டாள். யாரும் வரவில்லை என்று வாசித்து முடித்ததும், அந்தத் தாளைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். தொட்டாள். பிறகு தம்பியைப் பார்த்து, இதை நீ படி என்றாள்.

லெட்சுமணன் தாளைப் பார்த்தான். கொக்கியும் புள்ளியுமாக எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. இது எனக்குத் தெரியாத எழுத்து அக்கா, இவர் படித்துத்தான் எனக்கே தெரியும் என்றான்.

"நானே படிச்சேன்னியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நானாவுக்கும் அந்த வீட்டுப் பெண்களுக்கும் கும்பிட்டு விடைபெற்றாள்.

பஸ் நிலையத்தில், பலாபத்வல வழியாகப் போகிற தம்புள்ளை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதுதான் சொன்னாள்.

"அந்த நானா நல்ல மனுசன். நீ போய் அழுதிருப்ப. இரங்கி, நீ சொன்ன மாதிரி வாசிச்சிருப்பாரு. இல்லை, நெசமாவே அதுல அப்பிடித்தான் இருக்கோ என்னவோ. எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு தரம் ஒண்ணு சொன்ன. மறு தரம் வேறொண்ணு சொன்ன. ரெண்டு தரமும் உன் மூஞ்சி ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

பஸ் வந்தது. அக்காவைக் கைபிடித்து ஏற்றி, இடம் பிடித்து உட்காரவைத்தான். வழி நெடுக அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அரபு எழுத்துப் படிக்கத் தெரிந்த வேறு யாரையாவது கூட்டிப்போய், தான் வெளியே நின்றுகொண்டு வாசிக்கச் சொல்லலாமா என்று அவன் யோசித்தான். யாரைக் கூட்டிப்போனாலும் கூட்டிப்போகிறவன் அவன்தானே.

ஆடி அமாவாசை வந்தது. அந்த வீட்டில் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பது சுந்தரம்மாவின் பொறுப்பு. வருசா வருசம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு இலை. இந்த வருசம் மூன்றாவது இலை ஒன்று விரித்தாள். அதன் பக்கத்தில், சந்தையில் அழகாயியை வாங்கி வரச் சொன்ன புதுக் கம்பளி ஒன்றை மடித்து வைத்தாள். ஒரு செம்பில் தண்ணீர் வைத்தாள்.

லெட்சுமணன் அருகில் வந்து குனிந்து பார்த்தான். கம்பளியும் செம்பும் என்றால் இது வீரமலைக்கு. பிள்ளை இல்லாமல் செத்தவனுக்கு நாம்தானே போட வேண்டும்? அப்படியென்றால் அக்கா நம்பிவிட்டாளா?

"காதறுந்தவருக்கா அக்கா?" என்றான் மெதுவாக.

"ஆமா. நம்ம ஆளு. எப்பிடிச் செத்தாலும், எங்க செத்தாலும் நம்ம ஆளு. பிள்ளை இருந்தா அவங்க போடட்டும், இல்லைன்னா நான் போட்டதா இருக்கட்டும். யாருமே போய்க் கேக்கலையே, பாவம்."

அவள் நாலாவது இலை ஒன்றையும் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். அதை எடுத்தாள், கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மறுபடி சுருட்டி அடுப்புப் பக்கம் வைத்துவிட்டாள்.

"அவருக்கு என்ன முறை வச்சுப் போடுறதுன்னு தெரியல தம்பி. அதான் போடாமலே விட்டுட்டேன்" என்றாள்.

சூடம் கொளுத்தச் சொன்னாள். அவன் கொளுத்தினான். வெளிச்சத்தில் அவள் நெற்றியில் பொட்டு, அவன் வாங்கிக் கொடுத்த குங்குமத்தில் வைத்தது, பளிச்சென்று தெரிந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கும்பிட்டான்.